சிரிப்பால் வென்ற துடுக்குக்காரி

— இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்) மாணவி

சார்லி சாப்ளினை அறியாதவர் நம்மில் யார்? இறுக்கமான கோட்டும், தொளதொளத்த கால்சட்டையும், கைத்தடியும், துண்டு மீசையும் கொண்ட அந்த நாடோடியைக் கண்டால் கைக்குழந்தையும் சிரிக்கும். ஆனால் அந்த நாடோடி வேடத்தில் அவர் முதன்முதலாகக் கேமரா முன் நின்ற படத்தை இயக்கியவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். நானும் விழித்தவள்தான். அந்த இயக்குநர் ஒரு பெண். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. பெயர் மேபல் நார்மண்ட்.

இவரை நான் அறிந்துகொள்ள வழி செய்தது எங்கள் வேதியியல் வகுப்பு என்றால் நீங்கள் வியப்படையலாம். அன்று செல்லுலோஸ் நைட்ரேட் பற்றிய பாடம். வெடிபஞ்சு என்று சொல்லப்படும் பொருளின் நெருங்கிய உறவான இப்பொருளைக் கொண்டே ஒரு காலத்தில் திரைப்படச் சுருள்கள் செய்யப்பட்டன என்றும், ஆகையால் பேசாப்படங்களில் பெரும்பகுதி எரிந்தும் மக்கியும் அழிந்தன என்றும் பேராசிரியர் சொன்னார். அழிந்தவை போக மிஞ்சியவை எவை என்று அறியும் ஆவல் என்னைப் பற்றிக்கொண்டது. விடுமுறையில் தேடியபோது கிடைத்த படம் 'மிக்கி'. 1918-ஆம் ஆண்டு வெளிவந்த நகைச்சுவைப் படம்.

கைப்பேசியின் சின்னத் திரையில் அதை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது என் அம்மாச்சி அருகில் வந்து அமர்ந்தார். அவர் கையெழுத்துப் போடவும் அறியாதவர். இடையிடையே வரும் ஆங்கில எழுத்துகளை நான் படித்துச் சொல்லும் முன்பே அவர் சிரித்துவிட்டார். எழுத்து தெரிந்த நான்தான் அவருக்குப் பின்னால் சிரித்தேன். படம் முடிந்ததும், அந்தப் பெண் பிற்காலத்தில் நன்றாக இருந்தாளா என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அந்த விடையைத் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

பிறப்பும் இளமையும்

நியூயார்க் நகரைச் சேர்ந்தது ஸ்டேட்டன் தீவு. அங்கே 1892-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் மேபல் பிறந்தார். தந்தை கிளாட் நார்மண்ட் பிரெஞ்சுக் கனடிய மரபினர், தச்சர். முதிய மாலுமிகளுக்காக அத்தீவில் நடத்தப்பட்ட இல்லத்தில் தச்சு வேலை கிடைக்கும்போது செய்வார். தாய் மேரி அயர்லாந்து வழி வந்தவர். நிலையான வருவாய் இல்லாத வீடு. படிப்பைத் தொடர்வதற்கு மாறாக, பதின்வயதிலேயே உழைத்துப் பொருளீட்ட வேண்டிய நிலை மேபலுக்கு ஏற்பட்டது.

அக்காலத்தில் நியூயார்க் இதழ்களின் அட்டைகளையும் விளம்பரங்களையும் அழகு செய்தவை ஓவியங்களே. அந்த ஓவியர்களின் முன் அசையாமல் அமர்ந்திருக்க இளம் பெண்கள் வேண்டும். மேபல் அந்த வேலைக்குச் சென்றார். சார்லஸ் டானா கிப்சன் போன்ற புகழ்பெற்ற ஓவியர்களுக்கு அவர் மாதிரியாக அமர்ந்திருக்கிறார். ஒரு நொடியும் சும்மா இருக்க மாட்டாத ஒரு பெண், மணிக்கணக்கில் அசையாமல் இருப்பதற்காகக் கூலி பெற்றார் என்பது வேடிக்கைதான்! ஆயினும் எந்தக் கோணத்தில் முகம் எப்படித் தோன்றும், ஒளி எங்கிருந்து விழ வேண்டும் என்ற பாடத்தை அந்தக் கூடங்கள் அவருக்குக் கற்பித்திருக்க வேண்டும்.

திரையில் முதல் அடிகள்

அப்போதுதான் திரைப்படம் தவழ்ந்து எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தது. 1910-ஆம் ஆண்டை ஒட்டி நியூயார்க்கில் இயங்கிய பயோகிராப், விட்டாகிராப் என்னும் நிறுவனங்களின் சிறு படங்களில் மேபல் நடிக்கலானார். பயோகிராபில் டி. டபிள்யூ. கிரிஃபித் என்னும் மேதை படங்களை இயக்கி வந்தார். அங்கேயே நடிகராக இருந்தவர் மாக் சென்னட். கனடாவில் பிறந்தவர், இரும்புப் பட்டறையில் உழைத்தவர், நகைச்சுவையின் மீது தீராத மோகம் கொண்டவர். இவ்விருவரின் சந்திப்பு உலக நகைச்சுவைப் படங்களின் போக்கையே மாற்றியது என்றால் மிகையாகாது.

மேபலுக்கு அச்சம் என்பதே கிடையாது. நன்றாக நீந்துவார்; உயரத்திலிருந்து நீரில் குதிப்பார். 1911-இல் வந்த ஒரு படம் அவருடைய இந்தத் திறமையை வைத்தே எடுக்கப்பட்டது. 1912-இல் வந்த 'எ டாஷ் த்ரூ தி கிளவுட்ஸ்' என்ற படத்தில், உண்மையான விமானி ஒருவரோடு விமானத்தில் ஏறினார். ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்தது 1903-இல். ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. சுற்றிலும் மறைப்பு ஏதுமில்லாத அந்த விமானங்களில் ஏறுவதற்கு ஆண்களே தயங்கிய காலம் அது.

கீஸ்டோன் நாட்கள்

1912-ஆம் ஆண்டு சென்னட், கீஸ்டோன் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஈடண்டேல் பகுதியில் படங்களை எடுக்கலானார். அவரோடு சென்றவர்களுள் முதன்மையானவர் மேபல். அந்த ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த கீஸ்டோனின் முதல் வெளியீடுகளில் ஒன்றான 'தி வாட்டர் நிம்ஃப்' படத்தின் நாயகி அவரே.

அக்காலக் கீஸ்டோன் படங்கள் எப்படி உருவாயின என்று அறிந்தால் வியப்பாக இருக்கும். விரிவாக எழுதப்பட்ட கதை வசனம் கிடையாது. ஒரு சிறு கருத்து இருந்தால் போதும். ஊரில் கார்ப் பந்தயம் நடக்கிறதா? கேமராவைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவார்கள். பூங்காவில் ஏரி இருக்கிறதா? அதில் யாரையாவது தள்ளிவிடுவார்கள். கேமராவின் கைப்பிடியைக் கையால் சுற்றிப் படம் பிடித்த காலம் அது. சற்று மெதுவாகச் சுற்றினால் ஒரு நொடிக்குப் பதிவாகும் படங்களின் எண்ணிக்கை குறையும். அதை வழக்கமான வேகத்தில் திரையிடும்போது மனிதர்கள் விரைந்து ஓடுவார்கள். எளிய இயற்பியல்தான், ஆனால் உலகையே வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த இயற்பியல்!

முகத்தில் பழப் பணியாரத்தை வீசி அடிக்கும் காட்சியை நாம் எத்தனையோ படங்களில் பார்த்திருக்கிறோம். அதற்குத் தொடக்கம் என்று பலரும் குறிப்பிடுவது 1913-இல் வந்த 'எ நாய்ஸ் ஃப்ரம் தி டீப்' என்ற படம். அதில் வீசியவர் மேபல். முகத்தில் வாங்கிக்கொண்டவர் பருத்த உடல் கொண்ட ராஸ்கோ ஆர்பக்கிள். அதே ஆண்டு வந்த வேறொரு படத்தில் வில்லன் மேபலைத் தண்டவாளத்தில் சங்கிலியால் கட்டிப்போடுவான். ரயில் புகை கக்கிக்கொண்டு வரும். நாடக மேடையில் கண்ணீர் வரவழைத்த காட்சியை இவர்கள் கேலிக்கூத்தாக்கிச் சிரிக்க வைத்தார்கள்.

இந்த ஓட்டங்களுக்கும் உதைகளுக்கும் இடையில் மேபலின் நடிப்பு தனித்து நிற்கிறது. மற்றவர்கள் கை கால்களை உதறிக் கண்களை உருட்டுவார்கள். மேபலோ உதட்டைச் சற்றே சுழிப்பார், புருவத்தை ஒரு முறை உயர்த்துவார், அவ்வளவுதான். மனத்தில் ஓடும் எண்ணம் முகத்தில் தெரிந்துவிடும். திரைப்படத்தில் கேமரா அருகில் வருகிறது, ஆகவே உரக்க நடிக்க வேண்டியதில்லை என்ற உண்மையை மிக முன்னதாகவே உணர்ந்த சிலருள் அவர் ஒருவர் என்பது என் கருத்து. படங்களின் பெயர்களிலேயே மேபல் என்ற பெயர் இடம்பெறலாயிற்று. கொட்டகை வாசலில் அந்தப் பெயரைப் பார்த்தே மக்கள் சீட்டு வாங்கினார்கள்.

இயக்குநர் மேபல்

1914-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஒரு மைல்கல். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதற்குமான வாக்குரிமை கிடைத்தது 1920-இல்தான். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே மேபல் கேமராவுக்குப் பின்னால் நின்று தம் படங்களைத் தாமே இயக்கினார்.

1913-ஆம் ஆண்டின் இறுதியில், வாரம் 150 டாலர் சம்பளத்தில் கீஸ்டோனில் வந்து சேர்ந்தார் சாப்ளின் என்ற ஆங்கிலேய மேடை நடிகர். மறு ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த 'மேபல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் பிரெடிகமென்ட்' படத்தை இயக்கி நடித்தவர் மேபல். விடுதியொன்றில் இரவு உடையில் நாயோடு விளையாடிக்கொண்டே அறைக்கு வெளியே வந்துவிடும் பெண், கதவு பூட்டிக்கொண்டதால் படும் பாடுதான் கதை. அதில் குடிபோதையில் தள்ளாடும் நாடோடியாக வந்தார் சாப்ளின். நாடோடி வேடத்தில் அவர் நடித்த இன்னொரு படம் இரண்டு நாட்கள் முன்னதாகத் திரைக்கு வந்துவிட்டது. ஆயினும் முதலில் படமாக்கப்பட்டது மேபலின் படமே என்பது திரை வரலாற்றாளர் பலரின் முடிவு.

அடுத்து 'மேபல் அட் தி வீல்' என்ற படத்தில் இருவருக்கும் மோதல் மூண்டது. தண்ணீர்க் குழாயை வைத்துத் தாம் நினைத்த ஒரு வேடிக்கையைச் சேர்க்க வேண்டும் என்றார் சாப்ளின். நேரமில்லை என்று மறுத்தார் மேபல். தம்மைவிட இளைய ஒரு பெண் தமக்குக் கட்டளையிடுவதா என்ற எண்ணம் சாப்ளினுக்கு. வேலை செய்ய மறுத்துச் சாலையோரத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். பின்னாளில் 1964-இல் வெளியான தம் வரலாற்றில் இதை அவரே எழுதியிருக்கிறார். சென்னட் அவரை வேலையை விட்டு நீக்கிவிடக்கூடும் என்ற நிலையில், சாப்ளின் படங்கள் இன்னும் வேண்டும் என்று நியூயார்க்கிலிருந்து செய்தி வந்தது. பிணக்கு தீர்ந்தது. இருவரும் நண்பர்களாயினர். பல படங்களில் இணைந்து நடித்தனர். அதே ஆண்டில் மேரி டிரெஸ்லரோடு அவர்கள் நடித்த 'டில்லீஸ் பங்சர்டு ரொமான்ஸ்', முழுநீளச் சிரிப்புப் படங்களின் முன்னோடியாயிற்று.

இதில் நான் எண்ணிப் பார்ப்பது ஒன்று. அந்தச் சாலையோரச் சண்டையைச் சொல்லும் கட்டுரைகள் பலவும் சாப்ளினின் மேதைமைக்கு அதைச் சான்றாக்குகின்றன. அன்றைய படப்பிடிப்பை வெளிச்சம் போவதற்குள் முடித்தாக வேண்டிய பொறுப்பு யார் தலையில் இருந்தது என்று அவை கேட்பதில்லை.

'மிக்கி'

சிறு படங்களில் ஓடி விழுந்து சிரிக்க வைத்தது போதும், கதை ஒன்றைத் தாங்கி நடிக்க வேண்டும் என்ற வேட்கை மேபலுக்கு எழுந்தது. 1916-இல் அவர் பெயரிலேயே தனி நிறுவனமும் படப்பிடிப்பு நிலையமும் அமைந்தன. அங்கே எடுக்கப்பட்ட படமே 'மிக்கி'. இயக்கியவர் எஃப். ரிச்சர்ட் ஜோன்ஸ்.

கதை இதுதான். தாய் தந்தையற்ற மிக்கி, சுரங்கத் தொழிலாளர் வாழும் மலைப்பகுதியில் வளர்கிறாள். அவளை வளர்ப்பவர் தந்தையின் கூட்டாளியான ஜோ என்ற முதியவரும், மின்னி என்ற அமெரிக்கப் பழங்குடிப் பெண்மணியும். மின்னியாக நடித்த மின்னி டெவரோ உண்மையிலேயே பழங்குடி மரபினர். மிக்கிக்குக் குதிரையேற்றம் தண்ணீர் பட்ட பாடு; அடக்க ஒடுக்கம் என்பது என்னவென்றே தெரியாது. இவளைச் சீமாட்டியாக்க எண்ணி, கிழக்கே நகரத்தில் வாழும் செல்வந்த உறவினர் வீட்டுக்கு அனுப்புகிறார் ஜோ. சுரங்கத்தின் சொந்தக்காரி வருகிறாள் என்று உறவுக்காரச் சீமாட்டி வாயெல்லாம் பல்லாக வரவேற்கிறாள். சுரங்கத்தில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் விருந்தாளி வேலைக்காரியாகிறாள். பிறகு சுரங்கத்தில் தங்கம் கிடைத்த செய்தி வருகிறது. விரட்டியவர்களே அவளைத் திரும்ப அழைத்துவர ஓடுகிறார்கள். இதற்கிடையில் ஒரு காதல், ஒரு வில்லன், குதிரைப் பந்தயத்தில் சூழ்ச்சி நடப்பதை அறிந்து, ஓட்டுநர் உடையில் தானே குதிரை மீது பாய்ந்து ஏறும் மிக்கி!

ஏழை உறவினரை வேலைக்காரியாக்கும் வீட்டை அம்மாச்சிக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. தங்கம் கிடைத்ததும் சீமாட்டியின் முகம் மாறும் இடத்தில்தான் அவர் அதிகமாகச் சிரித்தார். அனுபவித்தவர்களின் சிரிப்பு அது.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி. இப்படிப்பட்ட பெண்ணுக்கு நம் மொழியில் எத்தனை பெயர்கள்! துடுக்குக்காரி, வாயாடி, அடங்காப்பிடாரி, ராங்கிக்காரி. மரம் ஏறினால் ஆம்பிளைப் பிள்ளையா நீ என்ற அதட்டல் வேறு. அதே செயலைப் பையன் செய்தால் அவனுக்குக் கிடைப்பது சுட்டி என்ற ஒரே பெயர். அதிலும் பாதி பாராட்டு. இந்த வசவுகளில் பாதியை வாங்கி வளர்ந்தவள் என்பதால் மிக்கியை எனக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போயிற்று. ஆண்போல் நடப்பது அவளுக்கு நோக்கமே அன்று. ஓட ஆசை, ஓடுகிறாள். குதிக்க ஆசை, குதிக்கிறாள். யாரையும் அவமதிக்காமல், யாருக்கும் அஞ்சாமல் இருக்கிறாள். அவ்வளவே.

இப்படி ஒரு படம் முடிந்தும் ஓராண்டுக்கு மேல் பெட்டிக்குள் உறங்கியது. வாங்குவார் இல்லை. 1918 ஆகஸ்டில், முதல் உலகப் போரின் இறுதி மாதங்களில் அது வெளிவந்தது. வந்ததுதான் தாமதம், மக்கள் கூட்டம் கொட்டகைகளை மொய்த்தது. அந்தக் காலத்தின் பெருவெற்றிப் படங்களுள் ஒன்றாயிற்று. கடனில் தத்தளித்த பல கொட்டகைக்காரர்களை அது கரையேற்றியதாகச் சொல்வர். படத்தின் பெயரால் இயற்றப்பட்ட பாட்டு வீடுகள்தோறும் பியானோவில் ஒலித்தது. திரைப்படத்தை விளம்பரம் செய்யவே பாட்டு எழுதும் வழக்கத்துக்கு அது ஒரு தொடக்கம்.

புகழும் பழியும்

'மிக்கி' வெளிவரும் முன்பே மேபல் சாமுவேல் கோல்ட்வின் நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார். சென்னட்டோடு நிகழவிருந்த திருமணம் முறிந்துபோயிருந்தது. கோல்ட்வினில் தொடர்ந்து பல படங்கள். பிறகு மீண்டும் சென்னட்டிடம் வந்து 1921-இல் 'மாலி ஓ' என்ற படத்தில் நடித்தார்.

உச்சியில் நின்றவரைப் புயல் தாக்கியது. 1921 செப்டம்பரில், மேபலோடு எத்தனையோ படங்களில் நடித்த ஆர்பக்கிள் ஓர் இளம் நடிகையின் மரணத்துக்குக் காரணம் என்று கைதானார். மூன்று முறை வழக்கு நடந்தது. 1922 ஏப்ரலில் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்து, இழைக்கப்பட்ட அநீதிக்கு வருத்தமும் தெரிவித்தது. ஆனால் அதற்குள் பத்திரிகைகள் தண்டனை வழங்கிவிட்டிருந்தன. அவருடைய நடிப்பு வாழ்க்கை தகர்ந்தது.

அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே இன்னொரு இடி. மேபல் முறையான கல்வியை நெடுநாள் பெறாதவர். அந்தக் குறையை நீக்க நல்ல நூல்களைத் தேடித் தேடிப் படித்தார். அதில் அவருக்குத் துணையாக இருந்தவர் வில்லியம் டெஸ்மண்ட் டெய்லர் என்ற இயக்குநர். 1922 பிப்ரவரி 1-ஆம் நாள் மாலை, டெய்லர் தமக்காக வைத்திருந்த புத்தகத்தை வாங்க மேபல் அவர் வீட்டுக்குச் சென்றார். பேசிவிட்டு ஏழே முக்கால் மணியளவில் புறப்பட்டார். டெய்லர் கார் வரை வந்து வழியனுப்பினார். மறுநாள் காலையில் அவர் சுடப்பட்டு இறந்து கிடந்தார். கொன்றவர் யார் என்பது இன்று வரை தீராத புதிர்.

காவல் துறையினர் மேபலை விசாரித்தனர். அவர் மீது எந்தக் குற்றச்சாட்டும் சுமத்தப்படவில்லை. ஆனால் பத்திரிகைகளுக்கு அது போதுமா? அவர் எழுதிய கடிதங்கள், அவர் சென்ற நேரம், அவர் சிரித்த சிரிப்பு யாவும் செய்தியாயின. 1924 புத்தாண்டு நாளில், அவருடைய கார் ஓட்டுநர், மேபலின் துப்பாக்கியாலேயே ஒரு செல்வந்தரைச் சுட்டுக் காயப்படுத்தினார். காயமுற்றவர் பிழைத்தார், ஓட்டுநரும் பின்னர் விடுதலையானார். சுட்டவர் வேறொருவர், ஆனால் தலைப்புச் செய்தியில் பெயர் மேபலுடையது. அவர் படங்களைத் தடை செய்ய வேண்டும் என்று பல ஊர்களில் குரல்கள் எழுந்தன. 1923-இல் வெளிவந்து ஓடிக்கொண்டிருந்த 'தி எக்ஸ்ட்ரா கேர்ள்', அவருடைய மிகச் சிறந்த படங்களில் ஒன்று. வேடமிட்ட நாய் என்று எண்ணி உண்மைச் சிங்கத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துச் செல்லும் காட்சி அதில்தான் வருகிறது. சிங்கத்துக்கு அஞ்சாதவரை ஊர் வாய் வீழ்த்திவிட்டது.

மேபல் குறையே இல்லாதவர் என்று சாதிப்பது என் நோக்கமன்று. படப்பிடிப்புக்கு நேரம் தவறி வந்தார். பணத்தைத் தண்ணீராகச் செலவழித்தார். இரவு விருந்துகளில் திளைத்தார். அவற்றைச் செய்த ஆண் நடிகர்களும் அந்த ஊரில் நிறையவே இருந்தனர். புத்தகம் வாங்கப் போன ஒரு மாலைப் பொழுதுக்கு அவர் கொடுத்த விலையை நினைக்கும்போதுதான் மனம் ஆறவில்லை. திரையில் மிக்கி வேலி தாண்டினால் கைதட்டிய அதே கைகள், மேபல் தனியே ஒருவர் வீட்டுப் படியேறினார் என்றதும் கல்லெடுத்தன. துடுக்குப் பெண்ணைப் பார்த்து மகிழ உலகத்துக்கு ஆசை. ஆனால் அவள் திரைக்குள்ளேயே இருந்துவிட வேண்டும்!

என் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான். நூலகத்தில் படித்துவிட்டுக் கடைசிப் பேருந்தில் இறங்கி வரும் நாட்களில், தெருத் திண்ணையில் பேச்சு சற்று நின்று மீண்டும் தொடங்கும். ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும். என்னோடு பயிலும் தோழியர் பலருக்கும் தெரியும். ஆகவே 1922-இன் செய்திகள் எனக்குப் பழைய செய்திகளாகத் தோன்றவில்லை.

மாலைப் பொழுது

1926-இல் ஹால் ரோச் என்ற தயாரிப்பாளர் மேபலை மீண்டும் அழைத்தார். 'ராகெடி ரோஸ்', 'தி நிக்கல் ஹாப்பர்' முதலிய படங்களில் நடித்தார். முகம் மெலிந்திருந்தது, சிரிப்பு மட்டும் மாறவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் நடிகர் லூ கோடியை மணந்தார். 'மிக்கி' படத்தில் மிக்கியை விரட்டித் துன்புறுத்திய வில்லனாக நடித்தவர் இவரே என்பது விந்தை!

வாழ்வைத் தொடர நோய் விடவில்லை. மேபலைப் பற்றியது காசநோய். அந்நோயின் கிருமியை ராபர்ட் காக் 1882-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் கொல்லும் மருந்து இல்லை. நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு இவையே அன்றைய மருத்துவம். கலிபோர்னியாவின் மன்ரோவியா நகரில் இருந்த காசநோய் மருத்துவ இல்லத்தில், 1930 பிப்ரவரி 23-ஆம் நாள் மேபல் உயிர் நீத்தார். வயது முப்பத்தேழு. காசநோயை வெல்லும் ஸ்டிரெப்டோமைசின் கண்டறியப்பட்டது 1943-இல். பதின்மூன்று ஆண்டுகள்! அறிவியல் மாணவி என்ற முறையில் அந்த இடைவெளி என்னை உறுத்துகிறது.

சாப்ளின், சென்னட், கிரிஃபித், கோல்ட்வின், ஆர்பக்கிள் என, அவரோடு உழைத்த பெருமக்கள் இறுதி ஊர்வலத்தில் மரியாதை செலுத்தினர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கல்வாரி கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

எஞ்சியிருப்பவை

நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சிறு படங்கள், இருபதுக்கும் மேற்பட்ட முழுநீளப் படங்கள்: இவை மேபல் இருபது ஆண்டுகளுக்குள் செய்த பணி. இவற்றில் இன்று நாம் காணக்கூடியவை ஒரு பகுதியே. கோல்ட்வின் நிறுவனத்துக்காக நடித்தவற்றில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன.

எங்கள் பாடத்துக்கு மீண்டும் வருகிறேன். நைட்ரேட் சுருள் நாளடைவில் சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை வெளியிடும். அவை ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, மிச்சச் சுருளையும் அரிக்கும். தீப்பற்றினாலோ, எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அந்தப் பொருளிலேயே அடங்கியிருப்பதால் நீருக்கடியிலும் அணையாமல் எரியும். அமெரிக்காவில் எடுக்கப்பட்ட சுமார் 11,000 முழுநீளப் பேசாப்படங்களில், மூல வடிவில் முழுமையாக எஞ்சியவை 14 விழுக்காடுதான் என்று அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

ஆயினும் நம்பிக்கைக்கும் இடமுண்டு. அக்காலத்தில் அமெரிக்கப் படங்கள் ஊர் ஊராகச் சுற்றிக் கடைசியில் நியூசிலாந்தை அடையும். திருப்பி அனுப்பும் செலவு கட்டுபடியாகாது என்று அங்கேயே விட்டுவிடுவார்கள். அப்படித் தங்கிய சுருள்களுக்கிடையே, 1914-இல் மேபல் இயக்கி நடித்த 'வன் இன் எ கிளாசெட்' என்ற படம் இருப்பது 2010-இல் தெரியவந்தது. தொண்ணூற்றாறு ஆண்டுகள் கழித்து, இயக்குநர் மேபல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தார்.

நண்பர்களே! பழிச்சொல்லும் நைட்ரேட் சுருளைப் போன்றதே. தன்னைத் தானே எரித்துக்கொள்ளும் பொருளை அது உள்ளுக்குள்ளேயே வைத்திருக்கிறது. வெளியிலிருந்து சான்று எதுவும் அதற்குத் தேவையில்லை. அதை அணைக்க முடியாது. ஆனால் அதன் அருகே தீக்குச்சியைக் கொண்டு போகாமல் இருக்க நம்மால் முடியும். அடுத்த வகுப்புப் பெண்ணைப் பற்றி ஏதேனும் நம் காதில் விழும்போது அதை அடுத்த காதுக்குக் கடத்தாமல் இருப்பது, நம் ஒவ்வொருவராலும் இன்றே செய்யக்கூடிய செயல்.

அம்மாச்சியிடம் விடையைச் சொன்னேன். நோய் வந்து முப்பத்தேழு வயதில் இறந்துபோனார், அதற்கு முன்பே ஊர் பேசிப் பேசி ஒடித்துவிட்டது என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, அந்தக் குதிரைக் காட்சியை மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டேன். நூறாண்டுகளுக்கு அப்பாலிருந்து மிக்கி குதிரை மீது பாய்ந்து ஏறினாள். அம்மாச்சி மீண்டும் சிரித்தார்.